சுங்கை சிப்புட்டில் பழைய வீட்டுக் கூரை: அக்டோபர் மழைக்கு முன் எதிலிருந்து தொடங்குவது?

சிப்புட் மகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் என் அம்மா தனியாக வாழும் வீட்டின் கூரையைப் பற்றி உங்கள் ஆலோசனையை நாடி எழுதுகிறேன். தோட்டத்தைத் துண்டாடி விற்ற பிறகு எழும்பிய தாமான் (வீடமைப்புக் குடியிருப்பு) ஒன்றில், 1980களில் அப்பா வாங்கிய ஒரு மாடி வரிசை வீடு அது. முன்பகுதிக்குச் சிமெண்டு ஓடு வேய்ந்திருக்கிறது. பின்னால் அப்பா இழுத்துக் கட்டிய சமையலறைக்குத் தகரக் கூரை. அதற்கும் பின்னால் குளியலறையின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் பழைய நெளி ஷீட் கிடக்கிறது. அது ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். பின்வேலியை ஒட்டி ரப்பர் மரங்கள் நிற்கின்றன. சற்றுத் தள்ளிச் செம்பனை ஆலை இருப்பதால், காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாள்களில் கொடியில் காயும் துணியிலேயே கரித்தூள் படிந்துவிடும்.

கடந்த ஏப்ரல், மே மாத மழையில் சமையலறைக்கும் பழைய வீட்டுக்கும் இடையிலுள்ள சீலிங்கில் கறை பரவி, இப்போது பலகை தொங்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டைப் பார்க்க வந்த குத்தகையாளர் ஒருவர், கூரை முழுவதும் நீர்புகாப் பூச்சு அடித்துவிட்டால் பத்தாண்டுகளுக்குக் கவலையில்லை என்று கூறி 7,000 ரிங்கிட் கேட்கிறார். அவர் கூரைமேல் ஏறிப் பார்க்கவில்லை. முற்றத்தில் நின்றபடியே சொன்னார். அம்மாவின் சேமிப்பில் அது பெரிய தொகை.

ஆகஸ்டு நடந்துகொண்டிருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும், எந்த வேலையை நாங்களே செய்யலாம், எதற்கு ஆள் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் எந்த மாதத்தில் எதைப் பார்த்துக்கொண்டால் இந்த நிலை மீண்டும் வராது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

கோலகங்சார் கூரைப் பணியாளர் பதிலளிக்கிறார்:

வணக்கம் சகோதரி. பல்லாண்டுகளாக இந்த வட்டாரத்தில் கூரை வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். தண்ணீர் எந்த இடத்தில் நுழைகிறது என்று கண்டுபிடிக்கும் வரை, பூச்சுக்கு ஒரு ரிங்கிட்டும் கொடுக்க வேண்டாம். ஓடோ தகரமோ நடுவில் ஒழுகுவது மிகவும் அரிது. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடம், சுவரும் கூரையும் தொடும் இடம், முகடு, ஆணித் துளை, நிரம்பி வழியும் பீலி (கூரை விளிம்பில் மழைநீரை வாங்கும் வாய்க்கால்) ஆகிய இடங்களில்தான் வீட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது. பரப்பு முழுவதும் பூச்சடித்துவிட்டு இணைப்புகளை அப்படியே விட்டால் அடுத்த பெருமழையில் அதே கறை திரும்பவும் தெரியும்.

நீங்கள் குறிப்பிட்ட இடம், அதாவது பழைய வீடும் இழுத்துக் கட்டிய சமையலறையும் சேரும் இடம், தாமான் வீடுகளில் நான் மிக அதிகமாகப் பழுது பார்த்த இடம். வீட்டை முதலில் கட்டியவர்கள் பின்பக்க ஓட்டுச் சரிவின் நீர் வெட்டவெளியில் விழும்படி அமைத்திருப்பார்கள். பிறகு சமையலறையைச் சேர்க்கும்போது அந்தச் சரிவின் நீர் முழுவதும் தகரத்தின் தலைப்பில் வந்து விழும். பின்பக்கச் சரிவு 40 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதை நீர்ப்பாசன வடிகால் துறை மிகக் கனமழை என்று வகைப்படுத்துகிறது. அந்த வேகத்தில் பெய்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் நீர் அந்த ஒரே கோட்டைக் கடந்தாக வேண்டும். நம் ஊரில் மாலை இடிமழை சில நிமிடங்களுக்கு இதைவிடக் கடுமையாகவே கொட்டும். தகரத்தின் சரிவு குறைவாக இருந்தாலோ, தகரத்தின் தலைப்பு ஓட்டின் கடைசி வரிசைக்குக் கீழே போதிய அளவு உள்ளே போகாமல் இருந்தாலோ, காற்று தள்ளும்போது நீர் எதிர்த்து ஏறி உள்ளே இறங்கிவிடும்.

சீலிங்கில் கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேயே பொத்தல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். நீர் கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு சரிவில் வெகுதூரம் ஓடி, ஓர் ஆணியோ மூட்டோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். ஆகவே வெயில் காய்ந்த நாளொன்றில் ரப்பர் குழாய் வைத்துச் சோதியுங்கள். ஒருவர் கைவிளக்குடன் சீலிங்கின் திறப்பு வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஏணியில் நின்றபடி முதலில் மிகத் தாழ்ந்த பகுதியை மட்டும் நனைக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தும் உள்ளே ஈரம் இல்லையென்றால் சற்று மேலே நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். குழாயின் வாயை அழுத்திப் பீய்ச்சக் கூடாது. மழை அப்படிப் பெய்வதில்லை. பீய்ச்சினால் நல்ல இணைப்பும் ஒழுகும்.

அடுத்து, மாதங்கள். பேராக் போன்ற மேற்குக் கரையோர மாநிலங்களில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்துக்குப் போகும்: பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபர், நவம்பரில் அதைவிடக் கூடுதலாக இன்னொருமுறை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை பொதுவாக மழை குறைவு என்றாலும், சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரிசையாக வரும் இடிமேகங்கள் பலத்த காற்றோடு அடிக்கும். தகரம் பெயர்ந்து பறப்பது பெரும்பாலும் அந்தக் காற்றில்தான். ஆகவே கூரையைத் திறந்து செய்யும் வேலைகளை ஜூலையிலும் ஆகஸ்டிலும், வானம் பார்த்து, காலை எட்டு மணியளவில் தொடங்கி மதியத்துக்குள் மூடிவிடும்படி வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

பீலிக்குத் தனிக் கணக்கு உண்டு. ரப்பர் மரங்கள் மாசி, பங்குனியில் இலை உதிர்க்கும். உங்கள் வேலிக்குப் பின்னால் மரம் இருப்பதால், மரம் மொட்டையாகிப் புதுத் தளிர் வந்தவுடன், அதாவது ஏப்ரல் மழை இறங்குவதற்கு முன்பே, பீலியை வழித்துவிட வேண்டும். ரப்பர் இலையின் நீண்ட காம்புதான் தொல்லை. இலை மக்கிப் போனாலும் காம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறங்குகுழாயின் வாயில் கூடு கட்டினாற்போல் அடைத்துக்கொள்ளும். அதன்மேல் ஆலையின் கரித்தூள் படிந்து, கருஞ்சேறாக இறுகிவிடும். ஆலைகள் செம்பனையின் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரிப்பதால் வரும் தூள் அது. தகரத்தின் மடிப்புகளிலும் அது தங்கி, வெயில் வந்த பின்னும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வதால் அந்த இடங்களில்தான் துரு முதலில் தலைகாட்டும். பிறகு ஆகஸ்டு, செப்டம்பரில் ரப்பர் காய்கள் வெடித்துக் கொட்டைகள் கூரையில் விழும். உருண்டு வந்து குழாய்க்குள் நுழைந்த கொட்டையைக் கையால் எடுக்க முடியாது. எனவே செப்டம்பர் இறுதியில் இரண்டாம் முறையும் வழிக்க வேண்டும். குழாயின் வாயில் கம்பிவலைக் குமிழ் ஒன்றைச் செருகிவிட்டால் கொட்டை உள்ளே போகாது. ஆனால் அந்த வலையையே இலை மூடிவிடும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பீலியை வழித்த கையோடு ஒரு வாளி நீரை அதன் மேட்டு முனையில் ஊற்றிப் பாருங்கள். எங்காவது தேங்கினால் தாங்கி இறங்கியிருக்கிறது என்று பொருள். 10 மீட்டர் நீளமுள்ள பீலிக்கு இரு முனைகளுக்கும் இடையே 20 முதல் 50 மில்லிமீட்டர் தாழ்வு இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் நீர் நகராது.

தகரத்தைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். பழைய தகரத்தை ஆணி அடித்து நிறுத்தியிருப்பார்கள். நண்பகல் வெயிலில் கொதிக்கும் தகடு, மாலை மழை விழுந்தவுடன் குளிர்ந்து சுருங்குகிறது. 6 மீட்டர் எஃகுத் தகடு 40 பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் சுருங்கும். நாள்தோறும் நடக்கும் இந்த இழுபறியில் ஆணி மெல்ல மெல்ல மேலே எழும்பி, அதன் துளை நீள்வட்டமாகிவிடும். எழும்பிய ஆணியைச் சுத்தியலால் மீண்டும் அடித்து இறக்குவதால் பயனில்லை. சில மாதங்களில் மறுபடியும் எழும்பும். அதைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் வாஷருடன் கூடிய, முன்னதைவிடச் சற்றுத் தடித்த ஸ்க்ரூவை நெளியின் மேட்டில் இறக்க வேண்டும். வாஷர் இலேசாகப் பிதுங்கும் வரை முறுக்கினால் போதும். அது நசுங்கி வெளியே தள்ளும் அளவுக்கு முறுக்கினால் ஒரே வெயிலில் வெடித்துவிடும். துளையிட்ட பிறகு சிதறிக் கிடக்கும் இரும்புத் துருவலைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடுங்கள். விட்டால் அது துருப்பிடித்து நல்ல தகட்டிலும் கறையாகப் பரவும்.

தகடு மாற்ற நேர்ந்தால், இன்று கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுடைய எஃகுத் தகடு. அதன் பூச்சில் 55 விழுக்காடு அலுமினியம், 43.5 விழுக்காடு துத்தநாகம், மீதி சிலிகன். பழைய துத்தநாகத் தகரத்தைவிட அது நீடித்து உழைக்கும். ஆனால் ஈயத் தகடு அதைத் தொடக்கூடாது. செம்புக் குழாயிலிருந்து சொட்டும் நீரும் அதன்மேல் விழக்கூடாது. இணைப்பில் தடவும் சிலிகோனும் காடி வாடை அடிக்கும் வகையாக இருக்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் அமிலம் பூச்சை அரிக்கும். கடையில் கேட்கும்போது உலோகத்துக்கு ஏற்ற, வாடையில்லாத வகை வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

ஓட்டுப் பகுதியில் முகட்டு ஓடுகளின் அடியிலுள்ள சாந்து வெடித்திருக்கிறதா என்பதைக் கீழேயிருந்தே தொலைநோக்கியால் பார்க்கலாம். பாசி பிடித்திருந்தால் அழுத்த நீர் இயந்திரத்தைக் கொண்டு அடிக்கச் சம்மதிக்காதீர்கள். ஓட்டின் மேற்பூச்சு உரிந்து, முன்பைவிட விரைவாகப் பாசி ஏறும், நீரும் ஓட்டுக்கு அடியில் புகும். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் கூரைக்கு மேலே எழும்பி நின்றால் அதை ஒட்டி இணைப்பை மூடும் பிளாஷிங் தகடும் விலகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏணியில் நின்று பீலியை வழிப்பதும் குழாயால் சோதிப்பதும் நீங்கள் செய்யக்கூடியவை. கூரைமேல் நடக்கும் வேலை எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் அட்டை வைத்திருக்கும் ஆளாகப் பார்த்து, என்னென்ன வேலை, என்ன பொருள், எத்தனை மீட்டர் பிளாஷிங் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

தைப்பிங் வாசகர் எழுதுகிறார்:

மூத்தவர் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். பூச்சைப் பற்றி மட்டும் சற்று மாறுபட்டு எழுத விரும்புகிறேன். தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இங்கே இன்னும் துளை விழாமல் மேல்துரு மட்டும் பிடித்த தகரத்தைச் சுரண்டி, துருத்தடுப்பு அடிப்பூச்சு கொடுத்து, வெளிர்நிறக் கூரைப் பூச்சு அடித்தவர்களின் வீடுகள் நன்றாகவே நிற்கின்றன. வெளிர்நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் சமையலறையில் வெக்கையும் குறைகிறது. தகடு கொதித்துக் குளிரும் அளவும் குறைகிறது. ஆகவே பூச்சு வீண் என்று ஒதுக்க வேண்டியதில்லை. இணைப்பையும் ஆணிகளையும் சரிசெய்த பிறகு, தகரப் பகுதிக்கு மட்டும் அடிக்கலாம். ஓட்டுக்கு அது தேவைப்படாது. அப்படிக் கணக்கிட்டால் அந்த 7,000 ரிங்கிட் வெகுவாகக் குறையும்.

கோலகங்சார் கூரைப் பணியாளர்:

நீங்கள் சொல்லும் வரிசையில் செய்வதாக இருந்தால் எனக்கும் மறுப்பில்லை, ஐயா. முதலில் பழுது, பிறகு துரு நீக்கம், அதன்பின் பூச்சு. துருவையும் கரித்தூளையும் நீக்காமல் அடிக்கும் பூச்சு தாள்போல் உரிந்து வருவதை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாகான் செராய் சுகாதாரப் பணியாளர் எழுதுகிறார்:

சகோதரி, குளியலறையின் மேலுள்ள ஷீட்டைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. உங்கள் கேள்வியில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அதுதான்.

பெரியவர் சொல்வது சரியாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களிலும் பழைய தாமான்களிலும் அந்தக் காலத்து நெளி ஷீட்டுகளில் பல ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. உறுதியாகத் தெரிய ஆய்வகச் சோதனை வேண்டும். தெரியும் வரை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கருதி நடந்துகொள்ளுங்கள். ஷீட் முழுதாக, விரிசலின்றி, யாரும் தொடாமல் கிடக்கும் வரை சிமெண்டு அந்த நாரைப் பிடித்து வைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் மழையும் வெயிலும் பட்டு மேற்பரப்பு பொடியத் தொடங்கினாலோ, துளையிட்டாலோ, உடைத்தாலோ, கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ, கண்ணுக்குத் தெரியாத நார்கள் காற்றில் கலக்கும். ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை வகைப்படுத்தியிருக்கிறது. நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், நாரைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழித்தே வெளிப்படும். இன்று இருமல் இல்லை என்பதால் பாதிப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே அந்த ஷீட்டை யாரும் கழுவவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம், அதன்மேல் ஏறவும் வேண்டாம். பழைய ஷீட் முன்னறிவிப்பின்றி முறிந்து ஆளைக் கீழே தள்ளிவிடும். மாற்ற முடிவெடுத்தால், நீர் தெளித்து ஈரமாக்கி, உடைக்காமல் முழுத் தகடாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்தத் தெரிந்தவர்களிடமே வேலையை ஒப்படைக்க வேண்டும். மலேசியாவில் 1986ஆம் ஆண்டிலேயே ஆஸ்பெஸ்டாஸ் பணிகளுக்குத் தனி ஒழுங்குவிதிகள் வந்துவிட்டன. அதன் தூளையும் நாரையும் 2005ஆம் ஆண்டின் கழிவு ஒழுங்குவிதிகள் அபாயக் கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. சாலையோரக் குப்பைமேட்டில் கொட்டுவதற்கோ, கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்காவது கொடுப்பதற்கோ உரிய பொருள் அல்ல அது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் மக்கள் எதையும் வீணாக்க மனம் வராமல், இறக்கிய ஷீட்டை வெட்டி வேலிக்கும் கொட்டகைக்கும் பயன்படுத்துவதை இன்றும் பார்க்கிறேன்.

பீலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர் தேங்கும் பீலியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால், நம் வெப்பநிலையில் ஏழு முதல் பத்து நாள்களில் முட்டை கொசுவாகிவிடும். அம்மா தொட்டியையும் பூந்தட்டையும் எவ்வளவு கவனமாகக் கவிழ்த்து வைத்தாலும், தலைக்கு மேலே இருக்கும் பீலி யார் கண்ணிலும் படுவதில்லை. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வீட்டுச் சோதனையில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் விதிப்பார்கள். புழுக்கொல்லி மருந்து போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். ஓடும் மழைநீர் அதை அடித்துச் சென்றுவிடும். பீலியின் சரிவைத் திருத்தி நீர் தேங்காமல் செய்வதே இதற்கு வழி.

குளுவாங் வாசகர் எழுதுகிறார்:

ஜொகூரில் வாழ்பவர்கள் இந்தப் பதிவுகளைப் படித்தால் மாதக் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மார்ச் வரை நீடிக்கும். டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வெள்ளத்தில் இந்த மாநிலம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். மாலை இடிமழையில் ஒழுகாத கூரை, இரண்டு நாள் தொடர்மழையில் ஒழுகும். ஏனெனில் ஓடும் கைமரமும் ஊறிக்கொண்டே போகும், காய்வதற்கு இடைவெளியே கிடைக்காது. எனவே இங்கே சீலிங்கின் மேலே போய் மரத்தைப் பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்கிறோம். திருப்புளியின் முனையால் கைமரத்தையும் ரீப்பரையும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரத்தில் முனை எளிதாக இறங்கிவிடும். சுவரும் மரமும் சேரும் இடத்தில் மண்குழாய்போல் கோடு தெரிந்தால் கரையான் ஏறியிருக்கிறது. ஒழுகிய இடத்தின் ஈரமே அதற்கு விருந்து. மரம் உளுத்திருக்கும்போது புதுத் தகரம் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதாகும், ஏனெனில் ஸ்க்ரூ எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரையின் ஓரம், மூலை, முகடு ஆகிய இடங்களில்தான் காற்று தகட்டை மேல்நோக்கி உறிஞ்சும் விசை மிகுதி. நடுவில் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் ஸ்க்ரூ போட்டாலும், ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும் போடச் சொல்லுங்கள். வேலையாள் இதைத் தாமாகச் செய்ய மாட்டார். கேட்டால் செய்வார், செலவும் சொற்பம்.

காப்புறுதியையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். வெறும் தீக்காப்புறுதி மட்டும் இருந்தால் புயல்காற்றில் கூரை பெயர்ந்ததற்கு இழப்பீடு கிடைக்காது. வீட்டு உரிமையாளர் காப்புறுதியில் புயல்காற்று அடங்கும். ஆனால் எந்தக் காப்புறுதியும் நாள்பட்ட தேய்மானத்துக்குப் பணம் தராது. அதனால் பீலியை வழித்த நாளிலும் ஆணி மாற்றிய நாளிலும் கைப்பேசியில் படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். கூரை நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

லயத்து வாசகர் கேட்கிறார்:

நாங்கள் இன்னும் தோட்ட லயத்தில்தான் இருக்கிறோம். எங்கள் வரிசையில் பல வீடுகள் ஒழுகுகின்றன. கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) சொன்னால், உங்கள் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். கூரைச் செலவை நாங்கள்தான் ஏற்க வேண்டுமா?

பாகான் செராய் சுகாதாரப் பணியாளர்:

இல்லை, ஐயா. தொழிலாளர்களுக்கு நிர்வாகம் தந்திருக்கும் குடியிருப்பு என்றால், அதை நல்ல பழுதற்ற நிலையில் வைத்திருக்கும் கடமை முதலாளியுடையது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் அதைச் சொல்கிறது. வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், எந்தெந்த வீடு, எந்த அறை, எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று எழுதி, எல்லாக் குடும்பத்தாரும் கையெழுத்திட்டு, நிர்வாகியிடம் கொடுத்து ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் துறையின் வட்டார அலுவலகத்தை அணுகலாம். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் சங்கத்தின் வழியாகவும் கொண்டு செல்லலாம். அதற்கிடையில் ஒழுகும் நீர் மின்கம்பியிலோ விளக்கிலோ பட்டால், அந்த அறைக்கான மின்சாரத்தை அணைத்துவிட்டு, நனைந்த கம்பியையோ விளக்கையோ தொடாமல் இருங்கள்.

சிப்புட் மகள் எழுதுகிறார்:

ஐயா, அக்கா, அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே என் தம்பி வந்து குழாயால் சோதித்தான். தகரத்தின் நடுவிலும் கீழேயும் ஊற்றியபோது உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பழைய வீட்டின் பின்சுவரை ஒட்டி ஊற்றிய சிறிது நேரத்தில், கைமரத்தின் அடிப்பக்கமாக நீர் ஓடிவந்து, சீலிங் தொங்கும் இடத்தில் சொட்டியது. அங்கே பிளாஷிங் தகட்டின் மேல் விளிம்பு சுவரை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருக்கிறது. சாந்து பொடிந்து கொட்டிவிட்டது. அந்த மூலையில் இரண்டு தகடுகளில் ஆணிகளும் எழும்பியிருக்கின்றன. கைமரத்தைத் திருப்புளியால் குத்திப் பார்த்தோம். நல்லவேளையாக உறுதியாக இருக்கிறது. பீலியிலிருந்து ஒரு வாளி கருஞ்சேறும் காம்புகளும் வந்தன.

அட்டை வைத்திருக்கும் வேறொரு வேலையாளை வரவழைத்தோம். கூரைமேல் ஏறிப் பார்த்த பிறகே பேசினார். பிளாஷிங் முழுவதையும் மாற்றி, அந்தப் பகுதி ஆணிகளை ஸ்க்ரூவாக்கி, பீலியின் தாங்கிகளைச் சரிசெய்ய அவர் கேட்கும் தொகை, பூச்சுக்குக் கேட்டதில் கால் பங்குக்கும் குறைவு. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இந்த ஆண்டு தொடப் போவதில்லை. பணம் சேர்ந்ததும் உரியவர்களை வைத்து இறக்குவோம்.

இன்னும் ஒரே ஓர் ஐயம். ஓட்டுச் சரிவின்மேல் சூரியசக்தி வெந்நீர்க் கலம் இருக்கிறது. அதன் அழுத்த நிவாரணக் குழாய் செம்பாலானது. நீர் சொட்டுச் சொட்டாகச் சமையலறைத் தகரத்தின்மேல்தான் விழுகிறது. பிளாஷிங் புதிதாகப் போடும்போது அதையும் கவனிக்க வேண்டுமா?

கோலகங்சார் கூரைப் பணியாளர்:

கட்டாயம் கவனிக்க வேண்டும் சகோதரி, அதுவும் புதுத் தகடு போடுவதற்கு முன்பே. செம்பு கரைந்த நீர் விழும் இடத்தில் துத்தநாகமும் அலுமினியமும் புள்ளி புள்ளியாக அரிக்கப்பட்டு, மற்ற இடமெல்லாம் புதிதாக இருக்கும்போதே அங்கே மட்டும் ஊசித் துளைகள் விழும். அந்த நீரை வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் பிடித்து, தகரத்தைத் தொடாமல் நேராகத் தரைக்கு இறக்கச் சொல்லுங்கள். குழாயின் முனையை அடைக்கவோ, அதில் அடைப்பான் பொருத்தவோ யாரையும் விடாதீர்கள்; கலத்தின் அழுத்தம் வெளியேறும் வழி அது. நாள் முழுவதும் நிற்காமல் சொட்டினால் வால்வு பழுதாகியிருக்கலாம். கலத்தைப் பொருத்தியவரையே அழைத்துக் காட்டுங்கள். இப்போது நீர் விழுந்துகொண்டிருக்கும் இடத்தின் அடிப்பக்கத்தைச் சீலிங் வழியாகக் கைவிளக்கு இல்லாமல் பாருங்கள். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த ஒரு தகட்டை மாற்றிவிடுவது நல்லது. வேலையாள் எப்படியும் ஆணிகளைக் கழற்றப் போகிறார், ஆகவே கூலி அதிகமாகாது. தகட்டின் விலை மட்டும்தான்.